ரேடியோவைக் கடைசியாக வாங்குங்கள்

ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதற்கான உரிமம் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த ரேடியோ வாங்கலாம்? அதற்குக் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "முதல்ல ஒரு ஹேண்டி வாங்கிக்குங்க, மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்." ஹேண்டி என்றால் கையில் பிடித்துப் பேசும் சிறிய ரேடியோ. சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். விலை குறைவு, பாக்கெட்டில் அடங்கும், பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிடம் ஏதாவது ஒரு குரல் கேட்டுவிடும். ஆனாலும் இந்தப் பதில் வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் வரும் அந்த "அப்புறம்" பலருக்கு வருவதே இல்லை. உயரத்திலிருந்து குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை நாலு முறை அழைக்கிறார்கள், பதில் இல்லை, கருவி மேஜை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. கால் சைன் (உரிமத்தோடு வரும் அழைப்புப் பெயர்) காகிதத்தோடு நின்றுவிடுகிறது. இந்தப் பொழுதுபோக்கே தமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒத்துவராமல் போனது கருவியின் தலையில் இருந்த பதினைந்து சென்டிமீட்டர் ரப்பர் ஆன்டெனாதான்.

ஹேண்டி என்ன செய்யும், எதற்கு ஆகாது

ஹேண்டி பேசும் 144, 430 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வளைந்து நெளிந்து போகத் தெரியாதவை. தரையில் நிற்கும் ஒருவர் வாயருகே பிடித்திருக்கும் ஹேண்டிக்கு ரேடியோத் தொடுவானம், அதாவது அலை நேராகப் போய்ச் சேரும் எல்லை, ஐந்து கிலோமீட்டர்தான். எதிரே இருப்பவருக்கும் அதே ஐந்து என்றால், திறந்த வெளியில் பத்து கிலோமீட்டர். நடுவே கட்டடங்கள் வந்தால் இரண்டு மூன்றிலேயே சுருண்டுவிடும். நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிப்பீட்டருக்கோ தொடுவானம் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஐந்து வாட் ஹேண்டியோடு கையில் ஒரே திசையில் குவிக்கும் சிறிய யாகி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு அதிலுள்ள ரிப்பீட்டர் வழியாகப் பேசுகிறார்கள். அதே ஹேண்டி மூன்று தெரு தள்ளி இருப்பவரை எட்டாது. வானத்துக்குப் போகும் வழியில் சுவர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஹேண்டி வாங்குவதற்கு முன் விடை தெரிய வேண்டிய கேள்வி இது: நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து எட்டக்கூடிய, ஆட்கள் உண்மையிலேயே பேசிக்கொண்டிருக்கும் ரிப்பீட்டர் ஒன்றாவது உண்டா? பட்டியலில் பெயர் இருப்பது போதாது. பட்டியலில் உயிரோடு இருக்கும் ரிப்பீட்டர்கள் பல, மலைமேல் மின்சாரமில்லாமல் கிடக்கும்.

ரிப்பீட்டர் உண்டு, கேட்கிறது, ஆனால் அழைத்தால் பதில் இல்லை. புதியவர்கள் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். காரணமோ பெரும்பாலும் மூன்றே அமைப்புகளுக்குள் இருக்கும். ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்டு இன்னொன்றில் பேசும். 145 பகுதியில் இந்த இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். கூட்டலா கழித்தலா என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்தது சிடிசிஎஸ்எஸ் டோன்: குரலுக்கு அடியில் ஓடும், காதுக்கு எட்டாத தாழ்ந்த சுதி. அது இல்லாவிட்டால் ரிப்பீட்டர் உங்களைக் கண்டுகொள்ளாது. மூன்றாவது வைட், நேரோ என்ற அகலம்: குரல் எடுத்துக்கொள்ளும் அலைவரிசை இடம். ரிப்பீட்டர் வைட், நீங்கள் நேரோ என்றால் உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத் தாழ்ந்து கேட்கும். பாவ்ஃபெங் யூவி-5ஆர் வகை மலிவு ஹேண்டிகளில் இவற்றை விஎஃப்ஓ நிலையில் (அதிர்வெண்ணை நேரடியாக அடிக்கும் நிலை) வைத்து மாற்ற வேண்டும்: மெனு 25 திசை, 26 இடைவெளி (00.600 என்று அடிக்க வேண்டும்), 13 அனுப்பும் டோன், 5 அகலம். பலர் 13-க்குப் பதில் 11-இல் டோனைப் போட்டுவிடுகிறார்கள். அது கேட்கும் பக்கத்து டோன். ரிப்பீட்டர் அந்த டோனைத் திருப்பி அனுப்பாவிட்டால், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த குரலும் நின்றுவிடும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பப்படும் ஹேண்டிகளில் எத்தனை இந்த 11-க்குப் பலியானவையோ.

எல்லாம் சரியாக இருந்தால் பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) ஒரு விநாடி அழுத்தி, கால் சைன் சொல்லி விட்டதும் ரிப்பீட்டரின் 'வால்' கேட்கும்: ஒரு நொடி அமைதியான கேரியர் (குரலில்லாத வெறும் அலை), பிறகு ஒரு 'டிக்'. அந்த வால் கேட்டால் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று பொருள். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அந்த நேரத்தில் யாரும் இல்லை, அல்லது சும்மா அழுத்திப் பார்ப்பவர் என்று நினைத்துக்கொண்டார்கள். குறித்த நேரத்தில் கூடும் நெட் எப்போது என்று விசாரித்து அப்போது போங்கள். மைக்கை வாயிலிருந்து நாலைந்து விரல் தள்ளிப் பிடித்து, கால் சைனை நிதானமாக இரண்டு தடவை சொல்லுங்கள்.

இனி ஆன்டெனா. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை என்பது சுமார் 49 சென்டிமீட்டர். பெட்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனா அதைச் சுருளாக்கி மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குள் திணித்தது. அதைவிடப் பெரிய குறை இன்னொன்று: எந்த ஆன்டெனாவுக்கும் ஒரு மறுபாதி வேண்டும். ஹேண்டியில் கருவியின் உடலும் பிடித்திருக்கும் உங்கள் கையும்தான் அந்த மறுபாதி, மோசமான மறுபாதி. இதற்கான மருந்துக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. உறையுள்ள மெல்லிய கம்பியில் 49 சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையை உரித்து மோதிரம் போல வளைத்து, ஈயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவைக் கழற்றி, கருவியின் இணைப்பில் வெளிப்பக்க மரையைச் சுற்றி அந்த மோதிரத்தைப் போட்டு, ஆன்டெனாவை மீண்டும் திருகி இறுக்குங்கள். கம்பி கீழே வால் போலத் தொங்கட்டும். உரித்த கம்பியின் ஒரு இழைகூட நடு ஊசியைத் தொடக்கூடாது. தொட்ட நிலையில் பிடிடியை அழுத்தினால் அனுப்பும் டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. வாலோடும் வாலில்லாமலும் ஒரே இடத்தில் நின்று பேசி, எதிரே இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கரகரப்புக்குள் மூழ்கிக்கொண்டிருந்த குரல் பெரும்பாலும் மேலே எழும்.

அப்படியானால் மாடியில் பெரிய ஆன்டெனா வைத்து இதே ஹேண்டியில் செருகிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் மலிவுக் கருவி காலை வாரும். முழு ரிசீவரையும் ஒரே சில்லுக்குள் அடக்கியவை இவை. முன்வாசலில் வடிகட்டி பலவீனம். மாடி ஆன்டெனா நீங்கள் விரும்பும் குரலோடு பக்கத்து எஃப்எம் ஒலிபரப்பு, பேஜிங் கோபுரம் எல்லாவற்றையும் கூட்டி வந்து உள்ளே தள்ளும். சிக்னல் பட்டை முழுக்க ஏறி நிற்கும், காதில் ஒன்றும் விழாது. ரப்பர் ஆன்டெனாவில் கேட்ட ரிப்பீட்டர் பெரிய ஆன்டெனாவில் மறைந்துவிட்டது என்றால் இதுதான் நடக்கிறது. அனுப்பும் பக்கத்திலும் சிலவற்றின் இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக்குகள் (அதிர்வெண்ணின் மடங்குகள்: 145-க்கு 290, 435) வரம்பை மீறியிருப்பது சோதனைகளில் பலமுறை தெரியவந்தது. ரப்பர் துண்டில் அடங்கிக் கிடந்த குப்பை மாடியிலிருந்து ஊருக்கே போகும். வீட்டிலிருந்து விஹெச்எஃப் (145 பகுதி) பேசுவதுதான் திட்டம் என்றால் 50 வாட் மொபைல் ரிக் (வண்டியில் பொருத்தும் ரேடியோ) ஒன்றை மேஜைமேல் வையுங்கள். அதன் ரிசீவர் வேறு சாதி. 10 வாட்டில் வைத்துப் பேசினாலும் பிழைப்பு நடக்கும்.

ஒரு வாரம் காதை மட்டும் கொடுங்கள்

ரேடியோவைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் உண்மையான திருப்பம் கடையில் நடப்பதில்லை. நீங்கள் இருக்கும் வீட்டில், நீங்கள் ஆன்டெனா கட்டப்போகும் மூலையில், தொலைதூரம் போகும் ஹெச்எஃப் (சிற்றலை) பகுதியில், 7 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் நிமிடத்தில்தான் நடக்கிறது. அந்த ஒரு விடை, எந்த மாடல் என்று இரவெல்லாம் படித்த விமரிசனங்களைவிட அதிகம் தீர்மானிக்கும். ஆனால் இதைச் செய்துவிட்டு வாங்குபவர்கள் அரிது.

எஸ்எஸ்பி (ஹாம்கள் சிற்றலையில் குரலுக்குப் பயன்படுத்தும் முறை) கேட்கும் வசதியுள்ள சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றையோ, ஹெச்எஃப் வரை இறங்கும் எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகிக் கேட்கும் ரிசீவர்) ஒன்றையோ இரவல் வாங்குங்கள். டாங்கிள் என்றால் பேட்டரியில் ஓடும் மடிக்கணினியில். பத்து மீட்டர் கம்பியை ஆன்டெனா வரப்போகும் இடத்தில் தற்காலிகமாகக் கட்டுங்கள். இன்னொரு பக்கம் இணையத்தில் கேட்கக்கூடிய ரிசீவர்களில் உங்களுக்கு அருகில் உள்ளதைத் திறந்துகொள்ளுங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2008-இல் தொடங்கிய வெப்எஸ்டிஆர் இந்த வகையில் புகழ்பெற்றது. இப்போது உலகெங்கும் பல உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் வையுங்கள். காலை, மதியம், அந்தி, இரவு என்று ஒரு வாரம். இணைய ரிசீவரில் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும் இருவர் உங்கள் கம்பியில் மூச்சுக்காற்று போல மட்டும் கேட்கிறார்கள் என்றால், அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு உங்கள் வீட்டு இரைச்சல்.

அந்த இரைச்சலுக்கு எதிராக 100 வாட் ஒன்றும் செய்யாது. நூறு வாட் உங்களை ஊருக்குக் கேட்கவைக்கும். பதில் சொல்பவர் உங்களுக்குக் கேட்கமாட்டார். திரும்பத் திரும்ப சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) அழைத்துக்கொண்டு, பதில் சொல்பவர்மேலேயே ஏறி மறுபடியும் அழைக்கும் நிலையங்களைக் கேட்டிருப்பீர்கள். திமிர் என்று நினைக்க வேண்டாம், பாவம், காதடைப்பு.

இரைச்சலின் ஊற்றைக் கண்டுபிடிப்பது ஓர் இரவு வேலை. ரிசீவரை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் குற்றவாளி உள்ளே இருக்கிறார். இறங்காவிட்டால் அக்கம்பக்கம் அல்லது மின்கம்பி. உள்ளே என்றால் சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டே கேளுங்கள். எல்இடி விளக்கு டிரைவர், செல்போன் சார்ஜர், சூரிய மின் இன்வெர்ட்டர், மின்கம்பி வழியே இணையம் அனுப்பும் அடாப்டர் ஆகியவைதான் வழக்கமான ஆசாமிகள். அகப்பட்டதன் வயரை 31 ரக ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையத்தில் சுற்றுங்கள். ஒருமுறை நுழைத்துவிட்டு நிறுத்தினால் பலன் கொஞ்சம். மூன்று சுற்று என்றால் தடுப்பு ஏறக்குறைய ஒன்பது மடங்கு, அது சுற்றின் வர்க்கத்தோடு ஏறுவது.

இந்த ஒரு வாரத்தின் இன்னொரு லாபம், எந்தக் குரல் உங்களைப் பிடித்து உட்காரவைக்கிறது என்று தெரிந்துவிடும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் சில நூறு கிலோமீட்டருக்குள் நடக்கும் நிதானமான அரட்டையா, 14-இல் கண்டம் தாண்டி ஒரு நிமிடத்தில் முடியும் அழைப்பா, மோர்ஸின் சுருதியா, திரையில் ஓடும் எஃப்டி8 வரிகளா? எஃப்டி8 என்பது 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட, கணினி வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் முறை. காதுக்கு ஒன்றுமே கேட்காத மட்டத்திலும் எழுத்தைப் பிரித்தெடுத்துவிடும். உங்கள் விடையைப் பொறுத்துத்தான் ரிக்.

ரிக் என்று வரும்போது

சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல், அதாவது சக்தியில் நான்கு மடங்கு. 5 வாட்டிலிருந்து 20-க்குப் போனால் ஒரு படி. 20-லிருந்து 80-க்கு இன்னொரு படி. ஐந்துக்கும் நூறுக்கும் நடுவே இருப்பது இரண்டு படிகளும் கொஞ்சமும்தான். மோர்ஸுக்கும் எஃப்டி8-க்கும் இந்த இரண்டு படி பெரிய பொருட்டல்ல. குரலுக்குப் பொருட்டு. இரைச்சலுக்கு ஒரு படி மேலே நிற்கும் குரலும் ஒரு படி கீழே அமிழ்ந்த குரலும் ஒன்றல்ல. ஐந்து வாட்டில் உலகம் சுற்றியவர்களின் கதைகள் உண்மையானவைதான். அவர்களுக்கு நல்ல ஆன்டெனாவும் பல வருடக் காதுப் பழக்கமும் இருந்தன. புதியவர் எஸ்எஸ்பியில் ஐந்து வாட்டோடு தொடங்குவது ஹேண்டிக் கதையின் இரண்டாம் பாகமாகத்தான் முடியும். ஹெச்எஃப்-இல் பேச்சுதான் ஆசை என்றால், உரிமம் இடம் கொடுத்தால், 100 வாட் ரிக்கை வாங்கிச் சக்தியைக் குறைத்து வைத்துக்கொள்வது மேல் என்பது என் கட்சி.

மாடல்களைப் பற்றிச் சுருக்கமாக. 2016-இல் வந்த ஐகாம் ஐசி-7300-இன் திரையில் பேண்ட் முழுவதும் அருவி போல ஓடும்; யார் எங்கே பேசுகிறார் என்று கண்ணால் பார்த்துப் போய் உட்காரலாம். புதியவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஒரே யூஎஸ்பி கம்பியில் எஃப்டி8-உம் ஆகிவிடும். உள்ளே இருக்கும் ட்யூனர் (ஆன்டெனாவை ரிக்கோடு பொருத்துவது) மட்டும் 3:1 பொருத்தமின்மை வரைதான் சமாளிக்கும். யேசு எஃப்டி-891 சிறியது, முரட்டுத்தனமானது, 100 வாட். ஆனால் உள்ளே ட்யூனரும் இல்லை, ஒலி அட்டையும் இல்லை, இரண்டையும் தனியே வாங்க வேண்டும். சியேகு ஜி90 இருபது வாட்தான், ஆனால் அதன் ட்யூனர் ஏறக்குறைய எந்தக் கம்பியையும் வழிக்குக் கொண்டுவரும். ஆன்டெனாவுக்கு ஒழுங்கான இடம் இல்லாதவருக்கு இது பெரிய விஷயம். ஐசி-705 அழகான பொருள். தன் பேட்டரியில் 5, வெளி மின்சாரத்தில் 10 வாட். அதை இரண்டாவது ரேடியோவாக வாங்குங்கள். அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் போல நீங்களே கட்டும் கருவிகளுக்கும் அதேதான் சொல்வேன்: பிழை வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க, வேலை செய்யும் இன்னொரு ரிசீவர் பக்கத்தில் வேண்டும்.

டிஎம்ஆர், டி-ஸ்டார், சிஸ்டம் ஃப்யூஷன் என்ற மூன்று டிஜிட்டல் குரல் முறைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசா. உங்கள் எட்டத்தில் எது ஓடுகிறது என்று தெரியாமல் இவற்றில் ஒன்றுக்காகக் கருவி வாங்க வேண்டாம்.

பழைய ரிக் நல்ல வழி, ஆனால் மூன்று சோதனை. டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை விழுங்கும் மின்தடை) முப்பது விநாடி அனுப்பவைத்து சக்தி சரிகிறதா பாருங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் நேர நிலையம் கேட்டால் அதிர்வெண் சரியா பாருங்கள். அரை மணி நேரம் ஓடிச் சூடானபின் மறுபடி பாருங்கள். கென்வுட் டிஎஸ்-440-இல் திரையில் எண்ணுக்குப் பதில் புள்ளிகள் தெரிந்தால், உள்ளே ஆஸிலேட்டர்மேல் ஊற்றிய பசை வயதாகி மின்சாரம் கடத்தத் தொடங்கியிருக்கும். சுரண்டிச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு அது நல்ல பேரம், தெரியாதவருக்குத் தலைவலி.

சுண்டைக்காய் கால் பணம்

சுமைகூலி முக்கால் பணம் என்று பழமொழி முடியும். 100 வாட் ரிக் அனுப்பும்போது இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே 13.8 வோல்ட்டில் தொடர்ந்து 25 ஆம்பியர் தரும் பவர் சப்ளை. மெல்லிய வயரில் 0.05 ஓம் இருந்தாலே 20 ஆம்பியரில் ஒரு வோல்ட் போய்விடும். பேசும்போது மட்டும் குரல் நடுங்கினால், ரிக் அணைந்து எழுந்தால், முதலில் வயரைச் சந்தேகியுங்கள்.

ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளில் ஹெச்எஃப்-காரர் தப்பித்துவிடுவார்: 20 மீட்டர் ஆர்ஜி-58 என்றால் 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு ஒரு டெசிபெல்கூட இல்லை. அதே கேபிள் 435-இல் ஆறேழு டெசிபெல் தின்னும். 50 வாட் ரிக் வாங்கி மாடிக்குப் பத்துப் பன்னிரண்டு வாட் அனுப்புவீர்கள். இழப்புக் குறைந்த எல்எம்ஆர்-400 கேபிள் போட்டால் முப்பதுக்கு மேல் தேறும்.

7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பி ஆன்டெனா) 142.6-ஐ 7.1-ஆல் வகுத்தால் மொத்தம் 20.1 மீட்டர். ஆனால் கைக்கு 10.4, மொத்தம் 20.8 என்று நீளமாகவே வெட்டுங்கள். உயரமும் சுற்றுப்புறமும் கம்பியின் உறையும் கணக்கை மாற்றும். ஏற்றிக் கட்டி, எஸ்டபிள்யூஆர் (பொருத்தமின்மையின் அளவு) எந்த அதிர்வெண்ணில் மிகக் குறைவு என்று அளந்து பாருங்கள். 6.9-இல் என்றால் 20.8-ஐ 6.9-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுக்க வேண்டும்: 20.2. ஆக மொத்தம் 60, கைக்கு 30 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்டாதீர்கள்; முனையை மடித்து, தன்மேலேயே இறுக முறுக்கிவிடுங்கள். அடுத்த வாரம் வேறு உயரத்தில் கட்டும்போது அந்த முப்பது வேண்டியிருக்கும். நடுவே கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்று ஃபெரைட் வளையத்தில் சுற்றினால் கேபிளின் வெளிப்புறம் ஆன்டெனாவாக மாறாது. வீட்டு இரைச்சல் அதன் வழியே ஏறி வருவதும் குறையும். இணைப்புகளைத் தானே ஒட்டும் ரப்பர் நாடாவால் மூடி, கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள். கோஆக்ஸுக்குள் ஒருமுறை தண்ணீர் போனால் காயவைத்து மீட்க முடியாது.

இத்தனைக்கும் நடுவே ஹேண்டி ஏற்கெனவே வாங்கி இழுப்பறையில் கிடந்தால், சார்ஜ் போடுங்கள். 145.800, வைட் எஃப்எம், ஸ்குவெல்ச் (இரைச்சலை அடைத்து வைக்கும் அமைப்பு) பூஜ்யம். விண்வெளி நிலையம் உங்கள் வானத்தைக் கடக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு திறந்த வெளிக்குப் போய், 49 சென்டிமீட்டர் வாலைத் தொங்கவிட்டு நில்லுங்கள். நிலையத்தின் வேகத்தால் அதிர்வெண்ணில் வரும் டாப்ளர் நகர்வு இங்கே மூன்று மூன்றரை கிலோஹெர்ட்ஸ்தான், டியூனிங்கைத் தொட வேண்டாம். ஆன்டெனாவின் நுனியை நிலையத்தை நோக்கி நீட்டாமல் பக்கவாட்டில் காட்டி, மெல்லச் சாய்த்துக்கொண்டே இருங்கள். அன்று அங்கிருந்து அனுப்பிக்கொண்டிருந்தால், இரைச்சல் தானாக அடங்கும்.